ஆறாவது ஆளுக்கு இடமில்லை

கார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும், ஏர்பேக் எத்தனை, டிக்கியில் எவ்வளவு சாமான் கொள்ளும், நாளைக்கு விற்றால் என்ன விலைக்குப் போகும். கடலூர் ஷோரூமில் பூர்ணிமா கேட்ட கேள்வியை மட்டும் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“இதுல ஆறாவதா ஒரு ஆளு உக்கார முடியுமா?”

டை கட்டிய விற்பனையாளர் சிரித்தார். எந்தப் பதில் சொன்னால் வண்டி விற்கும் என்பது தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“தாராளமா உக்காரலாங்க மேடம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா பின்னாடி நாலு பேரு...”

பூர்ணிமா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். “அப்ப வேணாம். வாங்க டீச்சர், போவலாம்.”

அந்த மனிதர் பதறிப்போனார். “மேடம், மேடம். சின்னப் புள்ளைங்கன்னா உக்காரலாம்னுதான் சொன்னேன்.”

“பெரிய ஆளு. நல்லாத் தின்னு வளந்த ஒடம்பு.”

“அப்படின்னா முடியாதுங்க.”

“கெஞ்சுனா?”

“கெஞ்சுனாலும் முடியாதுங்க. நடுவுல உக்கார்றவங்களுக்கே தோள் இடிக்கும்.”

“உக்காருங்க டீச்சர்,” என்றாள் பூர்ணிமா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். “இப்பச் சொல்லுங்க இந்த வண்டியப் பத்தி.”

அவள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது நான் அவளுக்குப் பாடம் எடுத்ததால் இல்லை. நான் எதிர்வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள், அவ்வளவுதான். அவள் கணவர் தேவநாதனுக்குப் பேரம் பேச வராது. கடைக்காரர் முதலில் சொல்லும் விலையை ‘நல்ல விலைதான்’ என்று ஒப்புக்கொண்டு வந்துவிடுவார். அதனால் கார் பார்க்கப் போகும்போதெல்லாம் பூர்ணிமா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் ஓர் அண்ணன் இருக்கிறான். அவனைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அண்ணன் மேல் வஞ்சம் வைத்திருக்கும் ஒருத்தியோடு கார் பார்க்கப் போவதில் தனி ருசி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பூர்ணிமா பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. கரும்பு போட்டு பெண்ணாடம் ஆலைக்கு அனுப்பும் குடும்பம். அண்ணன் ராஜ்மோகன், தங்கை இவள், இரண்டே பேர். அப்பா இருந்தவரைக்கும் அந்த வீட்டில் இவள் பேச்சு எடுபட்டது. செராமிக் படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று, தினமும் விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் வந்துபோய் டிப்ளமோ முடித்தாள். “மண்ணு பெசையறதுக்கு ஒரு படிப்பா?” என்று ராஜ்மோகன் சிரித்தானாம். அந்தச் சிரிப்பையும் அவள் மறக்கவில்லை. அது தனி வழக்கு.

படிப்பு முடிந்து செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சூளை பார்த்துக்கொண்டிருந்தவர்தான் தேவநாதன். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார்கள். முதலில் ஃப்யூஸ் கட்டைகள் செய்தார்கள். ஃப்யூஸ் போடுகிறவர்கள் குறைந்துபோனதும் பொம்மைக்கு மாறினார்கள். இன்றைக்குக் கொலு சமயத்தில் சென்னையிலிருந்து வேன் வந்து அவர்கள் ஷெட் வாசலில் நிற்கிறது. அந்த ஷெட்டில் பேசுகிற வாய் பூர்ணிமாவுடையது, தேவநாதனுடையது இல்லை.

பேட்டையில் எல்லோருக்கும் சொந்தச் சூளை கிடையாது. நாலைந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரே வாடகைச் சூளையில் சரக்கு வைத்துச் சுடுவார்கள். அவரவருக்கு இத்தனை தட்டு என்று பேசிக்கொள்வார்கள். இதில் ஒரு வழக்கம் உண்டு. உன் தட்டில் காலியிடம் இருந்தால் அடுத்தவன் சரக்கு அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், நீ வாயைத் திறக்கக் கூடாது. நெருப்பு எல்லோர் காசு, அதை வீணாக்க யாருக்கும் உரிமை இல்லை. வந்து உட்கார்ந்த சரக்கின் பளபளப்புப் பூச்சு உருகி வழிந்தால் உன் பொம்மையும் அதோடு ஒட்டிக்கொண்டு வீணாகும். அதற்கும் யாரையும் கேட்க முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் தங்கள் சரக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும்தான் தட்டு கேட்பார்கள். பூர்ணிமா அடுக்கிய தட்டில் ஒரு விரல் நுழையாது. ‘காலி எடம்னா அது நமக்கில்ல, வர்றவனுக்கு’ என்பாள். கார் விஷயத்திலும் அதே புத்திதான் வேலை செய்தது.

இனி வேப்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உளுந்தூர்பேட்டையில் அவர்கள் சித்தப்பா ஒருவர் இறந்துபோனார். ராஜ்மோகன் அப்போதுதான் வெள்ளை நிறத்தில் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வாங்கியிருந்தான். பூர்ணிமா, தேவநாதன், அவர்கள் பெண்கள் இளமதி, துர்கா எல்லோரும் அதில்தான் துக்கத்துக்குப் போனார்கள். முன் சீட்டில் அம்மா ஆண்டாள். திரும்பி வரும்போது வேப்பூர் கூட்டுரோட்டில் டீ குடிக்க இறங்கினார்கள். அங்கே பார்த்தால் ராஜ்மோகன் மனைவியின் அக்கா குடும்பம், அதே துக்கத்துக்கு வந்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தது. அண்ணி ராஜ்மோகன் காதில் ஏதோ சொன்னாள். அவன் டம்ளரை வைத்துவிட்டு வந்தான்.

“பாப்பா, நீங்க பஸ்ஸுல வந்துடுறீங்களா? நம்மூருக்கு அடிக்கடி இருக்குது.”

பூர்ணிமா சிரித்துக்கொண்டே இறங்கினாள். எல்லோர் முன்னாலும் வேறென்ன செய்ய முடியும்? துர்கா அப்போது சின்னப் பெண், வழியில் ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தாள். சீட்டில் படவில்லை, கவரில்தான் எடுத்தாள். இவர்கள் இறங்கி நின்றதும் அண்ணி டீக்கடையிலிருந்து ஒரு பழைய செய்தித்தாளை வாங்கிவந்தாள். துர்கா உட்கார்ந்திருந்த இடத்தில் அதை விரித்து, கையால் தடவிச் சரிசெய்து, அதன்மேல் தன் அக்காவை உட்காரச் சொன்னாள். முன் சீட்டில் இருந்த அம்மா நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போய்விட்டது.

வண்டியை விட்டு இறக்கியதைக்கூட பூர்ணிமா பொறுத்திருப்பாள். அந்தப் பேப்பரைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது அவள் கை அந்தச் சீட்டைத் தடவுவதுபோல் காற்றில் தடவிக் காட்டியது.

எங்கள் பக்கத்தில் இப்படி அநியாயம் நடந்தால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவார்கள். இன்னார் எனக்கு இன்னது செய்தார் என்று சீட்டு எழுதி சாமி முன்னால் வைத்துக் கட்டிவிட்டு வந்தால், மிச்சத்தை சாமி பார்த்துக்கொள்ளும். போலீஸுக்குப் போகாதவர்கள்கூட அங்கே போவார்கள். நானே அவளிடம் சொன்னேன், ஒரு பிராது கட்டிவிட்டு நிம்மதியாக இரு என்று.

“சாமிகிட்டச் சொன்னா அது தீத்துடும் டீச்சர்,” என்றாள். “நானில்ல தீக்கணும்?”

அவள் தீர்க்க நினைத்த விதம் இதுதான். அவர்களும் ஒரு கார் வாங்க வேண்டும். என்றைக்காவது ஒருநாள் ராஜ்மோகன் வண்டி இல்லாமல் நிற்க வேண்டும். இவள் வண்டி அவன் முன்னால் நிற்க வேண்டும். அவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, “ஒரு ஆளுக்கு எடம் இருக்குமா பாப்பா?” என்று கெஞ்ச வேண்டும். இவள் “எடமில்லண்ணா” என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்ற வேண்டும். பொய்யாகச் சொல்லக் கூடாது, உண்மையிலேயே இடம் இருக்கக் கூடாது. இடம் இருந்தும் இல்லை என்றால் ஊர் அவளைத் திட்டும். இடமே இல்லையென்றால் யார் என்ன சொல்ல முடியும்?

ஆகவே கார் பார்க்கும் படலம் தொடங்கியபோது முதலில் அடிபட்டது தேவநாதன் ஆசைப்பட்ட வண்டி. கடலூர் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் கிரிதர் அவருக்குத் தெரிந்தவர். அவரிடம் மூன்று வருஷம் ஓடிய ஏழு பேர் வண்டி ஒன்று நின்றது. பழைய கார் விற்கும் எல்லோரும் சொல்வதைத்தான் கிரிதரும் சொன்னார்.

“டாக்டர் ஓட்டுன வண்டிங்க. ஒரே ஓனர். வூட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எங்கயும் போனதில்ல.”

“நம்ம தமிழ்நாட்டுல டாக்டருங்க எல்லாம் வருஷா வருஷம் காரு விப்பாங்க போல,” என்றேன் நான். கிரிதர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த தடவை இந்த அம்மாவைக் கூட்டிவர வேண்டாம் என்பது இருந்தது.

வண்டி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. தேவநாதன் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். புது வண்டி வாங்குகிற காசில் இதை வாங்கினால் சூளைக்குக் கொஞ்சம் மிஞ்சும் என்றார். அம்மாவுக்கு முட்டிவலி, ஏறி இறங்க வசதி என்றார். அவர் அம்மா வீராயி அவர்களோடுதான் இருக்கிறார்.

“ஏங்க, நாம மொத்தம் அஞ்சு பேரு,” என்றாள் பூர்ணிமா. “இது ஏழு பேரு வண்டி. மிச்சம் ரெண்டு எடம் யாருக்கு?”

“இருந்துட்டுப் போவுது. யாராச்சும் சொந்தக்காரங்க வந்தா...”

சொந்தக்காரங்க என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது. பூர்ணிமாவின் முகம் சிவந்துவிட்டது. கிரிதர் நிலைமை புரியாமல் உதவிக்கு வந்தார்.

“வேணாம்னா பின் சீட்ட மடக்கி வச்சுக்கலாம் மேடம்.”

“மடக்குனத விரிக்கவும் முடியுமில்ல?”

“முடியுங்க. சுலபமா விரிக்கலாம்.”

“அதான் வேணாங்குறேன்.”

அதோடு ஏழு பேர் வண்டி அடிபட்டுப்போனது. பிறகு பழைய வண்டியே வேண்டாம் என்றாள். வேறு எவனோ உட்கார்ந்து தேய்த்த சீட்டில் அண்ணன் கண் முன்னால் போய் இறங்க முடியாதாம். சின்ன கார் வாங்கலாமா என்றால், அதுவும் வேண்டாம். அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவன் கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும், குனிந்து பார்க்கக் கூடாது. உயரம் வேண்டும், மிடுக்கு வேண்டும், உள்ளே இடம் மட்டும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு சாமானை மனிதர்கள் செய்து விற்கிறார்கள் என்பது கடலூர் ஷோரூமுக்குப் போகும்வரை எனக்கும் தெரியாது. நாலு மீட்டருக்குள் அடங்குகிற அந்த உயரமான வண்டி அவளுக்காகவே அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது. அடர்சிவப்பு நிறம் எடுத்தாள். கரும்பு வயலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டுமாம்.

வண்டி வந்த அன்று கொளஞ்சியப்பர் கோயிலில் பூஜை போட்டார்கள். முன் சீட்டில் தேவநாதனும் வீராயியும். பின் சீட்டில் பூர்ணிமா, இளமதி, துர்கா. இளமதி காலேஜ் போகிறாள், துர்காவும் இப்போது வளர்ந்துவிட்டாள். மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பூர்ணிமா இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு விரல் நுழைய இடமில்லை. சூளைத் தட்டைப் பார்த்துத் திருப்திப்படுகிற முகம் எனக்குத் தெரியும், அதே முகம்.

சந்தர்ப்பமும் சீக்கிரமே வந்தது. பெண்ணாடத்தில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ராஜ்மோகனின் வெள்ளை வண்டி ஒரு மாசமாக ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்று அம்மா ஃபோனில் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் பூர்ணிமா பேசுவது மாசத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு சரி. வேப்பூரில் அம்மா ரோட்டைப் பார்த்த பார்வையை அவள் மன்னிக்கவில்லை. இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசினாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணத்துக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வருகிறோம், புது வண்டியில் வருகிறோம் என்று சொன்னாளாம்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பட்டுப்புடவை எதைக் கட்டுவது என்று கேட்டாள். “நாளைக்குத்தான் டீச்சர்,” என்றாள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளையைப்போல இருந்தாள். நன்றாகச் சொல்லிவிட்டு வா என்று நான் வாழ்த்தி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. பூர்ணிமா சொன்னதையும் இளமதி சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வண்டி கருவேப்பிலங்குறிச்சித் தெருவில் நுழைந்ததும் தேவநாதனை ஹாரன் அடிக்கச் சொன்னாள். அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனால், அங்கே வெள்ளை வண்டி நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள்தான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததாம். கழுவி, துடைத்து, முன்னால் பூ வைத்திருந்தது. ராஜ்மோகன் வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் நின்று சிரித்தான்.

“வாங்க மாப்ள. வண்டி சூப்பரா இருக்குது. கலரும் நல்லா இருக்குது பாப்பா.”

ஆறு வருஷமாகப் பூர்ணிமா கறுவிக்கொண்டு, காசு சேர்த்து, தேடி, பொறுக்கி எடுத்து வாங்கிய வண்டி. அவனுக்கு அது தேவையே இல்லை. அவனிடம் இடம் இருக்கிறது, அதுவும் ஏழு பேருக்கு. ‘மூஞ்சில கரியப் பூசுனாப்புல ஆயிடுச்சு’ என்று பிறகு என்னிடம் சொன்னாள். தெருவில் பத்துப் பேர் வண்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் ஆதிநாராயணன் என்பவரும் ஒருவர். ராஜ்மோகன் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நல்ல இடம் ஒன்றை இவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அரக்குப் பட்டுப்புடவை, கையில் பெரிய பை. ஒரு வேளைக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தூக்கிக்கொண்டு வருகிற பை இல்லை அது. தெருவில் நின்றவர்களிடம் சத்தமாகச் சொன்னாள்.

“எம் பொண்ணு காரு வாங்கியிருக்குறா. என்ன அழச்சிக்கிட்டுப் போவ வந்திருக்குறா. கல்யாணத்த முடிச்சிக்கிட்டு அப்படியே அவ வூட்டுக்குப் போறேன். நாலு மாசம் இருந்துட்டுத்தான் வருவேன்.”

மருமகளுக்குக் காதில் விழ வேண்டும் என்றே சொன்னதுபோல் இருந்ததாம். அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஃபோனில் அவள் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. ஃபோன் வந்த நாளிலிருந்து மகள் வந்து அழைத்துப்போகப் போகிறாள் என்று பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து பின் கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் வீராயி. அம்மா முதலில் இளமதியைப் பார்த்தாள், பிறகு துர்காவை, பிறகு மகளை. கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பையைக் கீழே வைக்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

“எங்க அத்த உக்காருவீங்க?” என்றாள் அண்ணி வாசலிலிருந்து. குரலில் தேன் ஒழுகியது. “அது அஞ்சு பேரு வண்டி. அவங்க குடும்பத்துக்குன்னு வாங்குனது. இங்க வாங்க, நம்ம வண்டியில தாராளமா எடம் இருக்குது.”

தெருவில் யாரோ சிரித்தார்கள். அம்மாவின் முகம் சின்னதாகிவிட்டது என்றாள் இளமதி.

பூர்ணிமா இறங்கினாள்.

“நீ ஏறும்மா.”

“நீ எங்க உக்காருவ?”

“எனக்குப் பஸ்ஸு இருக்குது. நீ ஏறு.”

தேவநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூர்ணிமா அம்மாவைக் கைத்தாங்கலாக உட்காரவைத்து, பையை மடியில் வைத்து, கதவைத் தானே சாத்தி, கூரையை இரண்டு தட்டு தட்டினாள். “போங்க. மண்டபத்துல பாக்கலாம்.” சிவப்பு வண்டி கிளம்பிப் போனது.

அவள் தெருவின் நடுவில், பட்டுப்புடவையோடு, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அப்போது அவள் மனதில் திட்டம் ஒன்றும் இல்லை. அண்ணிக்கு முன்னால் அழுதுவிடக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

ராஜ்மோகனுக்குத்தான் உறைத்தது. தாய் பையோடு வீட்டை விட்டுப் போயாயிற்று. கூடப் பிறந்தவள் தெருவில் நடந்து போகிறாள். வாசலில் ஏழு பேர் வண்டி காலியாக நிற்கிறது. வரன் பேசுகிறவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் அவசரமாக மனைவியை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான். பூர்ணிமாவுக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினான்.

“ஏறு பாப்பா.”

அவள் திரும்பவில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் ஒருத்தி கேட்டாள், “என்னாடி பூர்ணிமா, பட்டுப்புடவ கட்டிக்கிட்டு நடந்து போற?”

“பஸ்ஸுக்குப் போறேன்க்கா.”

“பின்னாடி அண்ணன் வண்டி வருதே?”

“வருதுக்கா. அது எனக்கில்ல.”

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் தன் கையில் என்ன கிடைத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. நடையைக் குறைத்தாள். யார் வாசலில் நின்றாலும் தானே நின்று, நல்லா இருக்கீங்களா என்று விசாரித்தாள். வெள்ளை வண்டியும் நின்றது. இவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. பின்னால் வந்த டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்தது. தெரு முழுக்கக் கதவு திறந்தது.

“பாப்பா, ஏறு. வெளையாடாத,” என்றான். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “அன்னிக்கு ஏதோ அவசரத்துல எறங்கச் சொல்லிட்டேன். அத இன்னுமா வச்சிருக்குற?” என்றான்.

“எனக்கு இப்ப அவசரம் இல்லண்ணா. பஸ்ஸு அடிக்கடி இருக்குது.”

அவன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தான். ஒரு செருப்பு வண்டியிலேயே தங்கிவிட்டது. அவள் முன்னால் வந்து மறித்தான். வேர்த்துக் கொட்டியது. குரலைத் தாழ்த்தி, “ஊரே பாக்குது பாப்பா. எம் பொண்ணுக்கு வரன் வந்திருக்குற நேரம். ஒன்னக் கையெடுத்துக் கும்புடறேன். ஏறு,” என்றான். உண்மையிலேயே இரண்டு கையும் கும்பிட்டது. ஆறு வருஷம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த கை அது. அவள் அதை ஆசை தீரப் பார்த்தாள்.

“அண்ணி பேப்பர் எடுத்தாந்திருக்காங்களாண்ணா?”

“எந்தப் பேப்பரு?” என்றான் ராஜ்மோகன்.

அவனுக்கு நினைவே இல்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே நினைவில்லை. வண்டிக்குள் இருந்த அண்ணி மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் வந்தது. பூர்ணிமா ஏறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை என்னிடம் இதைச் சொல்லி முடித்தபோது நான் கைதட்டாத குறைதான். எனக்கு அவ்வளவு இனித்தது. “ஜெயிச்சிட்ட பூர்ணிமா. பஸ் டிக்கெட்டோட முடிஞ்சிருக்க வேண்டியது, இதுக்குப் போய் ஒரு காரு வாங்கிட்ட,” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“பஸ்ஸுல உக்காந்து அழுதேன் டீச்சர்,” என்றாள். “அஞ்சு பேரு, அஞ்சு பேருன்னு எத்தன தடவ எண்ணுனேன். எங்கம்மாவ எண்ணவே இல்ல.”

அம்மா நாலு மாசம் என்று சொன்னாள். நாலு மாசம் போய்விட்டது, அம்மா போகவில்லை. ராஜ்மோகன் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். ஆண்டாளும் வீராயியும் ஒரே டிவியில் வேறு வேறு சீரியல் கேட்டுச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், மற்றபடி ஒற்றுமைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு எங்காவது கிளம்பினால் முன்னால் தேவநாதனும் வீராயியும், பின்னால் ஆண்டாளும் இரண்டு பெண்களும். பூர்ணிமா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னாலேயே போகிறாள். போன வாரம் மழை. புது வண்டி தெரு திரும்பிப் போக, வண்டிக்குச் சொந்தக்காரி நனைந்துகொண்டே ஸ்கூட்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

“என்ன பிடிவாதம் இது? கிரிதர்கிட்ட அந்த ஏழு பேரு வண்டி இன்னும் விக்காமத்தான் நிக்குது. இதக் குடுத்துட்டு அத எடுத்துக்கோயேன். நீயும் மனுஷியா உள்ள உக்காந்து போவலாமில்ல?”

பூர்ணிமா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எடுத்தா எனக்கு எடம் வந்துடும் டீச்சர். அப்புறம் இன்னொரு எடம் காலியா இருக்கும். அவன் வந்து உக்காந்துக்குவான்.”